காலை வெயிலில் கீழையூர் இரட்டைக் கோயில்

திருமானூர் வட்டாரத்தில் அமைதியான கோயில் ஒன்றைப் படமெடுக்க வேண்டுமா? மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூருக்குப் போங்கள். பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் அங்கே இருக்கிறது.

மேற்குப் பார்த்த கோயில் இது. காலையில் வாசலில் நின்று எடுத்தால் சூரியன் எதிரே இருக்கும். படம் கறுப்பாகத்தான் வரும். நான் தெற்குப் பக்கம் போய்விடுவேன். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கே உதிப்பதால், தெற்குச் சுவரில் வெயில் பக்கவாட்டில் தடவிச் செல்லும். சிற்பங்கள் எடுப்பாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் அந்த நிழலெல்லாம் போச்சு!

ஒயிட் பேலன்ஸை ‘டேலைட்’டில் வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால், காலை வெயிலின் பொன்னிறத்தைக் கேமரா குறைத்துவிடும்.

கம்ப்யூட்டரில் திருத்துவதற்கு முன் ஒரிஜினலை வேறு ஃபோல்டரில் காப்பி செய்துகொள்ளுங்கள். ஜேபெக் படம், திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் இழக்கும்.