மணி அடிக்கும் முன்னே கமகம சாம்பார்! கீழச்சேரி பள்ளியில் பிறந்த மாற்றம்: உங்க பிள்ளைக்கு காலை சாப்பாடு கிடைக்குமா?

திருவள்ளூர்:

காலை 6 மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கமும் இதே கதைதான். முதல் ஷிப்ட்டுக்கு போகிறவர்கள் டிபன் பாக்சை தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் கண் சிவக்க இறங்குவார்கள்.

சரி, வீட்டில் இருக்கும் பிள்ளை என்ன சாப்பிடும்?

இந்தக் கேள்விக்கு திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சின்ன கிராமத்து பள்ளியில் 2024-ம் ஆண்டு பதில் கிடைத்தது. அந்த ஊர் கீழச்சேரி. பள்ளியின் பெயர் புனித அன்னாள் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. அன்று அங்கே வைத்த முதல் தட்டு, தமிழ்நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு கதவை திறந்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பதினாறரை மணி நேர பட்டினி

ஒரு சின்ன கணக்கு போட்டு பார்ப்போம். பிள்ளை இரவு 8 மணிக்கு சாப்பிட்டு படுக்கிறது. காலையில் அம்மாவுக்கு வேலை, அப்பாவுக்கு ஷிப்ட். ஒரு டீ, இரண்டு பிஸ்கெட். அதோடு பள்ளிக்கு கிளம்பிவிடும். மதிய சத்துணவு பகல் 12.30 மணிக்கு. ஆக மொத்தம் பதினாறரை மணி நேரம் அந்த வயிற்றில் உருப்படியாக ஒன்றும் விழவில்லை.

பெரியவர்களே இப்படி இருந்தால் தலை சுற்றும், எரிச்சல் வரும். 6 வயது பிள்ளைக்கு சொல்லவே வேண்டாம். மூளை வேலை செய்ய சர்க்கரைச் சத்து வேண்டும். அது ராத்திரி சாப்பிட்ட சோற்றில் இருந்து விடியும் வரைதான் வரும். அதுக்கு மேல் கரும்பலகையில் டீச்சர் என்ன எழுதினாலும் மண்டையில் ஏறாது. "பிள்ளை மந்தமா இருக்கு" என்று சொல்வோம். பல நேரம் அது மந்தம் இல்லை, பசி.

இன்னொரு விஷயமும் உண்டு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த குழந்தைகளில் பலர் பிறகு பள்ளி வகுப்புகளில் வந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் யாருக்கு கிடைத்தது?

காலை உணவு திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பிறந்த நாளில் மதுரையில் தொடங்கியது. அப்போது 1,545 அரசு பள்ளிகள், 1 லட்சத்து 14 ஆயிரத்து 95 பிள்ளைகள். ஒதுக்கிய பணம் ரூ.33 கோடியே 56 லட்சம்.

பலன் என்ன என்று மாநில திட்டக்குழு பார்த்தது. 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் பிள்ளைகள் வருகை கூடியிருந்தது தெரிய வந்தது. அடுத்த ஆண்டே, 2023 ஆகஸ்டு 25-ந்தேதி, கருணாநிதி பிறந்த திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க உள்ள 31,008 அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு ரூ.404 கோடி. பிள்ளைகள் சுமார் 15 லட்சத்து 75 ஆயிரம் பேர். வகுத்து பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுக்க சுமார் ரூ.2,565. பள்ளி நடக்கும் நாள் கணக்கில் பார்த்தால் ஒரு நாளைக்கு 12 ரூபாய் சொச்சம். இன்றைக்கு டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் இந்த காசுக்கு வராது.

ஒரே தெரு, இரண்டு நியாயம்

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. 'அரசு பள்ளி' என்றால் கிடைக்கும். 'அரசு உதவி பெறும் பள்ளி' என்றால் கிடையாது.

அது என்ன உதவி பெறும் பள்ளி? பலருக்கு இது குழப்பம்தான். கட்டிடமும் நிர்வாகமும் சர்ச்சுடையதாக, சபையுடையதாக, அல்லது ஒரு அறக்கட்டளையுடையதாக இருக்கும். அரசு அனுமதித்த பணியிடத்தில் இருக்கும் டீச்சர்களுக்கு சம்பளம் அரசு கொடுக்கும். பாடப்புத்தகம் அரசு கொடுக்கும். மதிய சத்துணவும் உண்டு. கத்தோலிக்க சபைகள் கிராமங்களில் நடத்தும் பழைய தொடக்கப்பள்ளிகள் பல இந்த வகைதான்.

இங்கே படிப்பது யார்? கிறிஸ்தவ பிள்ளைகள் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. பக்கத்து தெரு இந்து வீட்டு பிள்ளை, முஸ்லிம் வீட்டு பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சில்தான். கூலி வேலைக்கு போகிறவர்கள், கம்பெனியில் ஒப்பந்த தொழிலாளிகள், வயல் வேலை செய்கிறவர்கள். அரசு பள்ளி பிள்ளையின் அப்பாவும் உதவி பெறும் பள்ளி பிள்ளையின் அப்பாவும் ஒரே கம்பெனி பஸ்சில் போகிறவர்களாக இருப்பார்கள். ஆனால் 2022-ல் இருந்து 2024 வரை ஒரு பிள்ளைக்கு தட்டில் பொங்கல், இன்னொரு பிள்ளைக்கு வெறும் வயிறு.

பிள்ளைங்களுக்கு நிர்வாகம் யாருடையது, சம்பளம் யார் தருகிறார்கள் என்றெல்லாம் தெரியாது. "அவனுக்கு மட்டும் எப்படிம்மா சாப்பாடு?" என்றுதான் கேட்கத் தெரியும்.

கீழச்சேரியில் நடந்தது

2024-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி காமராஜர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாளாக பள்ளிகளில் கொண்டாடப்படும் நாள். அன்று கீழச்சேரி புனித அன்னாள் பள்ளிக்கு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்தார். பிள்ளைகளுக்கு பரிமாறிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, ஊரக பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு திட்டத்தை தொடங்கி வைத்தார்.

அன்று சேர்ந்தது 3,995 பள்ளிகள், 2 லட்சத்து 23 ஆயிரத்து 536 பிள்ளைகள். சராசரி பார்த்தால் ஒரு பள்ளிக்கு 56 பிள்ளைகள்தான். அதாவது எல்லாம் சின்ன பள்ளிகள். சொந்த காசில் தினமும் அடுப்பு மூட்டும் வசதி இந்த மாதிரி பள்ளி நிர்வாகங்களுக்கு எங்கே இருக்கப்போகிறது?

கீழச்சேரிக்கு படிப்பு புதிது இல்லை. ஆந்திராவில் பிரங்கிபுரத்தை சேர்ந்த ஞானம்மா என்ற விதவை தாய், 19-ம் நூற்றாண்டிலேயே இந்த ஊருக்கு வந்து பெண் பிள்ளைகளுக்கு பள்ளி நடத்தினார். பெண்ணுக்கு படிப்பு எதுக்கு என்று கேட்ட காலம் அது. புனித அன்னாள் கன்னியர் சபை அவர் வழியில் வந்ததுதான். 1874-ல் அவர் இறந்தார். படிப்பை கொண்டுவந்த ஊருக்கு, 150 வருஷம் கழித்து காலை சாப்பாடும் வந்து சேர்ந்தது.

நகரத்துக்கும் வந்தது

ஊரக பள்ளி சரி, நகரத்தில் உள்ள உதவி பெறும் பள்ளி? அதுக்கும் ஓராண்டு காத்திருக்க வேண்டி வந்தது. 2025 ஆகஸ்டு 26-ந்தேதி சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் அது தொடங்கியது. இதுவும் கத்தோலிக்க பள்ளிதான். பஞ்சாப் முதல்-மந்திரி பகவந்த் மானும் வந்திருந்தார். 2,429 பள்ளிகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கூடுதலாக சேர்ந்தார்கள். அன்றைய கணக்குப்படி மொத்தம் 20 லட்சத்து 59 ஆயிரம் பிள்ளைகள்.

தட்டில் என்ன? சமைப்பது யார்?

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று மாறி வரும். கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை, சேமியா அல்லது உள்ளூர் தானியம் 50 கிராம், சாம்பாருக்கு பருப்பு 15 கிராம் என்பது அரசு வைத்த அளவு. சராசரியாக 293 கலோரி கிடைக்கும்படி கணக்கு.

கிராமத்தில் சமைப்பது மகளிர் சுயஉதவிக்குழு பெண்கள். இதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. சமைக்கிறவரின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும். தன் பிள்ளை தட்டிலும் விழப்போகிற சாப்பாடு என்றால் உப்பு, புளி சரியாக இருக்கிறதா என்று ஒரு தாய் பார்க்காமல் விடுவாரா? பரிமாறும் முன் ருசி பார்க்க வேண்டும் என்பதும் விதி. எத்தனை மணிக்கு சமையல் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்பது மொபைல் செயலியில் பதிவாகும்.

பசி தீர்வது மட்டும் இதன் பலன் இல்லை. எல்லா பிள்ளைகளும் வரிசையாக தரையில் உட்கார்ந்து ஒன்றாக சாப்பிடுகிறார்கள். யார் வீட்டு தட்டு பெரிசு, யார் வீட்டு டப்பாவில் என்ன என்ற பேச்சே இல்லை. சமைக்க வரும் அம்மாக்கள் டீச்சரிடம் நின்று பேசுகிறார்கள். பிள்ளை சரியாக சாப்பிடவில்லையா, முகம் வாடி இருக்கிறதா, நாலு நாளாக வரவில்லையா என்பதெல்லாம் தட்டு வைக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டில் பிரச்சினை, அப்பா குடி, அம்மா ஊருக்கு போய்விட்டார் என்ற கதைகள் பல நேரம் சாப்பாட்டு வரிசையில்தான் வெளியே வரும்.

இது புதுசு இல்லை

1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில் பிள்ளைகளுக்கு சாப்பாடு போட்டது. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவு திட்டத்தை தொடங்கினார். 1982 ஜூலை 1-ந்தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவு திட்டத்தை தொடங்கினார். பிறகு முட்டையும் வந்தது. கட்சி மாறினாலும் தட்டு மாறவில்லை. இங்கிலாந்தில் கூட 2025 ஏப்ரல் மாதம்தான் 750 பள்ளிகளில் இலவச காலை உணவை ஆரம்பித்தார்கள்.

இன்னும் விடுபட்டவர்கள் யார்?

ஒண்ணாவது முதல் ஐந்தாவது வகுப்பு வரைதான் இந்த காலை சாப்பாடு. ஆறாவது போனதும் நின்றுவிடும். மதிய சத்துணவு மட்டும் 10-ம் வகுப்பு வரை உண்டு. வீட்டில் அக்கா ஆறாவது, தம்பி மூணாவது என்றால், தம்பிக்கு பள்ளியில் சாப்பாடு, அக்காவுக்கு பழையபடி டீயும் பிஸ்கெட்டும். அந்த அக்காவும் வளர்கிற வயசுதான்.

தனியார் மெட்ரிக் பள்ளிகளுக்கு திட்டம் கிடையாது. கடன் வாங்கி பீஸ் கட்டும் தொழிலாளி வீட்டு பிள்ளைக்கு காலை சாப்பாடு வீட்டில் இருந்துதான் போயாக வேண்டும்.

மூன்றாவது கூட்டம்தான் ரொம்ப பாவம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கும் திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசா, பீகார் பக்கம் இருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளிகளின் பிள்ளைகள். பள்ளி பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தட்டு. பெயரே இல்லாத பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? டி.சி. இல்லை, வயது சான்று இல்லை என்று பயந்து பெற்றோர் பள்ளி பக்கமே வருவதில்லை. ஆனால் 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டப்படி, இந்த காகிதம் இல்லை என்று சொல்லி அரசு பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பக்கத்து லைன் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால், கையை பிடித்து பள்ளிக்கு அழைத்துப்போய் விடுவது புண்ணியம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பிள்ளை படிக்கும் பள்ளி எந்த வகை என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பெயர்ப்பலகையில் 'அரசு உதவி பெறும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

* மணி அடிக்கிற நேரத்துக்கு அனுப்பினால் சாப்பாடு போய்விடும். காலை உணவு வகுப்புக்கு முன்பே முடிந்துவிடும். கொஞ்சம் சீக்கிரம் கிளப்பி விடுங்கள்.

* பிள்ளைக்கு ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாது என்றால் டீச்சரிடமும் சமைக்கும் பெண்ணிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

* பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் எவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாது.

* சாப்பாட்டில் குறை இருந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளி சம்பந்தப்பட்ட சந்தேகம், புகார் எதுவானாலும் கல்வி உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து, அடி, உதை, தொல்லை என்றால் 1098. அது 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண்.

ஷிப்ட் நேரத்தை கம்பெனி மாற்றப்போவதில்லை. காலை 6 மணி பஸ்சை விட்டால் அன்றைய கூலி போச்சு. அந்த பஸ்சில் ஏறும் தாய், "பிள்ளை சாப்பிட்டிருக்கும்" என்ற நம்பிக்கையோடு ஏற முடிகிறது என்றால் அது பெரிய விஷயம். கீழச்சேரியில் ஒரு ஜூலை மாத காலையில் அது நடந்தது. ஆறாவது படிக்கும் அக்காவுக்கும், சூளையில் இருக்கும் பிள்ளைக்கும் அந்த தட்டு எப்போது வரும் என்பதுதான் பாக்கி உள்ள கேள்வி.