மூன்றாந் தவணைக்கு முன்

இரண்டாந் தவணையின் இறுதி மணி அடித்ததும் பாடசாலை வாயிலைக் கடந்து ஓடும் பிள்ளைகளின் ஆரவாரத்தைக் கேட்பவர், இனி அவர்களுக்கு ஓய்வுக் காலம் என்றே எண்ணுவர். விடுமுறை என்னும் சொல்லே அவ்வெண்ணத்தைத் தருகின்றது. ஆயினும் திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே வயல்களின் நடுவே அமைந்த கிளிவெட்டி போன்ற ஊர்களில், ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு குடும்பம் ஓய்ந்திருப்பது அரிது. வயல் விளைந்து நிற்கும், கோயிற் கொடி ஏறும், உறவினர் வருவர், பிள்ளைகளின் கொப்பிகளோ ஒரு மூலையிற் கிடக்கும். இத்தனையும் சில வாரங்களுள் நடந்தேறி, மூன்றாந் தவணையின் முதல் நாளன்று பிள்ளை மீண்டும் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும். அது தானாக நிகழ்வதன்று. எவ்வாறு நிகழ்கின்றது, எவ்விடத்தில் தவறுகின்றது என்பதை அறிந்துகொள்வது பெற்றோருக்குப் பெரிதும் பயன்படும்.

இலங்கையில் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகளாக வகுக்கப்பட்டுள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு விடுமுறையும், ஆகஸ்டில் ஒன்றும், ஆண்டிறுதியில் ஒன்றுமாக அமைவதே நெடுநாள் வழக்கம். அயலிலுள்ள மூதூர், கிண்ணியா ஆகிய இடங்களின் முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதத்தை ஒட்டி விடுமுறை பெறுகின்றமையால் அவற்றின் நாட்காட்டி சற்று வேறுபடும். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர்த் தவணை நாட்கள் பல ஆண்டுகள் முன்பின்னாக அமைந்தன. தமிழ்நாட்டிலோ ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி ஒரே நீண்ட கோடை விடுமுறை உண்டு. ஒவ்வொரு நாடும் தன் வெயிலையும் விழாவையும் நோக்கியே பிள்ளைகளுக்கு விடுமுறை அளிக்கின்றது.

கிளிவெட்டியின் வெயிலுக்கு ஒரு காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொணரும் நீரை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிடுகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அக்காற்று வறண்டும் வெப்பமுற்றும் வருகின்றது. கிழக்கிலங்கை மக்கள் அதனைக் கச்சான் என்பர். கச்சான் வீசும் மாதங்களிற் புல் கருகும், குளம் வற்றும், கிணற்றுக் கயிறு நீளும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வரை இந்நிலை பெரிதும் மாறுவதில்லை.

இன்னொரு புதுமையும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய எட்டரைப் பாகையில் இருக்கும் இப்பகுதியிற் சூரியன் ஆண்டுக்கு இரு முறை நேர் உச்சியில் வருகின்றது. ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள். மற்றொன்று ஆகஸ்ட் முடிந்து செப்டெம்பர் பிறக்கும் நாட்கள். முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டு, விடுமுறை தொடங்கிய நாள் முதல் நண்பகலில் அதன் நிழலை அளந்து வரும் பிள்ளை, அந்நிழல் நாளுக்கு நாள் குறுகி, மாத இறுதியில் கோலின் அடியிலேயே மறைவதைக் காணும். செலவு ஒரு கோலும் ஒரு நூலுமே. அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதோ பூமியின் ஓட்டத்தைப் பற்றிய ஒரு முழுப் பாடம்.

இனி வயலுக்கு வருவோம். மாரி மழையை நம்பிச் செய்வது பெரும்போகம். தேக்கிய நீரையும் ஆற்று நீரையும் நம்பிச் செய்வது சிறுபோகம். இவ்வட்டாரத்துச் சிறுபோகத்துக்கு அல்லைக்குளமும், மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆற்றை ஒட்டிய மாவிலாறு அணைக்கட்டும் உயிர்நாடியாக விளங்குகின்றன. சித்திரை, வைகாசியில் விதைக்கும் நெல் ஆடி, ஆவணியில் வெட்டுக்கு வரும். பாடசாலை மூடும் காலமும் வேளாண்மை வெட்டும் காலமும் ஒன்றாய் அமைவது இதனாலேயே.

ஒரு வீட்டை மனத்திற் கொள்வோம். தந்தை மூன்று ஏக்கர் வயல் செய்பவர். தாய் வீட்டையும் இரண்டு மாடுகளையும் பார்ப்பவர். மூத்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அடுத்தவன் பத்து வயது. கடைக்குட்டிக்கு ஆறு வயது. வெட்டு நாட்களில் விடியுமுன் அடுப்பு எரியும். வயலுக்குச் சோறும் தேநீரும் கொண்டு செல்வது மகனின் பொறுப்பு. தம்பியைப் பார்த்துக்கொண்டு வீடு கூட்டுவதும் சமைப்பதும் மகளின் பொறுப்பு. முற்காலத்தில் வெட்டிய கதிரைச் சூடு வைத்து, களத்தில் மாடுகளைக் கொண்டு மிதிப்பித்து, காற்றில் தூற்றி எடுப்பதற்குப் பல நாட்கள் சென்றன. இன்று அறுவடை இயந்திரம் அவ்வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது. ஆயினும் இயந்திரம் வரும் நாளை எவரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நெல்லை உலர்த்தவும் காக்கவும் விற்கவும் ஆள் வேண்டும். ஆதலின் பிள்ளைகளின் கை இன்னும் தேவைப்படுகின்றது.

இவ்வேலைகள் பிள்ளைகளுக்குத் தீங்கானவை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ எடை கொள்ளும். ஏக்கருக்கு 80 புசல் விளைந்தால் மூன்று ஏக்கருக்கு 240 புசல், அதாவது 5,040 கிலோ. அதில் இயந்திரக் கூலி எவ்வளவு, உரக்கடன் எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று தந்தையுடன் அமர்ந்து கணக்கெழுதும் பத்து வயதுச் சிறுவன், கரும்பலகையிற் கண்ட பெருக்கலையும் வகுத்தலையும் தன் வீட்டுச் சோற்றிலே காண்கின்றான். வேலை பிள்ளையின் வயதுக்கும் உடலுக்கும் ஏற்றதாயும், பொழுதுக்குள் அடங்குவதாயும் இருத்தல் வேண்டும் என்பதே விதி. பன்னிரண்டு மணி வெயிலில் மூட்டை சுமப்பது அவ்விதிக்குள் அடங்காது.

வெட்டு முடிந்தால் பயணம். ஆவணியை ஒட்டி வரும் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு இப்பகுதி மக்கள் திரள்திரளாகச் செல்வர். சிலருக்குத் திருகோணமலையில் அம்மம்மா வீடு இருக்கும். அந்நாளில் அங்கே செல்வது பெரும்பாடு. மூதூர்த் துறையிலிருந்து கொட்டியாரக் குடாவை இயந்திரப் படகிற் கடக்க வேண்டும். தரைவழி செல்வோர் ஆற்று முகங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலமும், அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு நீங்கியது.

அவ்வழியே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒரு வரலாற்று நூலையே புரட்டிக் காட்டலாம். புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவை அடைந்தபோது, 1660ஆம் ஆண்டில் அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மகன் 1679இலேயே தப்பினார். 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அவர்கள் பிடிபட்ட இடமும் அங்கிருந்த மரமும் மூதூர்ப் பகுதியில் இன்றும் பேசப்படுகின்றன. திருகோணமலையிற் கோணேசர் மலை உண்டு. 1624இற் போர்த்துக்கேயராற் பழைய கோயில் இடிக்கப்பட்ட வரலாறு உண்டு. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு இல்லை. ஏன் என்று பிள்ளை கேட்குமாயின் அந்தப் பயணம் பயன் தந்துவிட்டது.

விடுமுறையில் ஆபத்தும் உண்டு. வெருகல் ஆறும் வாய்க்கால்களும் வெயிலுக்கு இதமாகத் தோன்றும். ஆற்றில் முதலை உண்டு. ஆழம் இடத்துக்கு இடம் மாறும். அணைக்கட்டுத் துருசின் அருகே நீரின் இழுவை பெரியவர்களையும் அடித்துச் செல்லும். பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமற் பிள்ளைகள் நீரில் இறங்கலாகாது. வெட்டிய வயலிற் பாம்பு இருக்கும். சேற்று நீரால் எலிக்காய்ச்சல் பரவும். காலிற் புண் உள்ள பிள்ளையை வயல் நீரில் இறக்கலாகாது. நண்பகலில் நிழலும், அடிக்கடி குடிநீரும் இன்றியமையாதவை.

இனிக் கல்வி. ஜெர்மானிய உளநூலறிஞர் எபிங்ஹவுஸ் என்பார், தம்மையே சோதனைக்குள்ளாக்கி மறதியை ஆராய்ந்து 1885இல் நூலொன்று வெளியிட்டார். கற்றவற்றிற் பெரும்பகுதி முதற் சில நாட்களிலேயே மறந்துபோகின்றது. ஆயினும் மீண்டும் கற்கும்போது முன்னையினும் குறைந்த நேரமே செல்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. அமெரிக்காவின் நீண்ட கோடை விடுமுறையைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பை இழக்கின்றனர் என்றும், கணிதத்திலும் எழுத்துக்கூட்டலிலும் அவ்விழப்பு மிகுதி என்றும் 1996இல் எடுத்துக்காட்டினர். இலங்கையின் விடுமுறை அத்துணை நீண்டதன்று. ஆயினும் மறதியின் இயல்பு எங்கும் ஒன்றே. நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும்: பத்துக் கணக்கு, ஒரு பக்க வாசிப்பு, ஐந்து வரி எழுத்து. காலையில், வெயில் ஏறுமுன், மூத்தவள் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் இருவரும் கற்பர். விடுமுறை முழுவதையும் தனியார் வகுப்புக்கே ஒப்படைத்துவிடும் பெற்றோர், பிள்ளையின் களைப்பையும் எண்ணிப்பார்த்தல் நன்று.

கிளிவெட்டியில் இவற்றைப் பேசும்போது 2006ஆம் ஆண்டின் விடுமுறையை மறக்க இயலாது. அவ்வாண்டு ஜூலையில் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டது. அதனை அடுத்துப் போர் மூண்டது. ஆகஸ்டின் முதல் வாரத்தில் மூதூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். சம்பூர்ப் பகுதி மக்களும் தெற்கே மட்டக்களப்பு நோக்கி நடந்தனர். நெல் வயலில் நின்றது. கொப்பிகள் வீட்டிற் கிடந்தன. அப்பிள்ளைகளுக்கு மூன்றாந் தவணை குறித்த நாளிற் பிறக்கவில்லை. 2007ஆம் ஆண்டு முதல் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய ஊர்களின் குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் முகாம்களில் தங்கின. 2015ஆம் ஆண்டிலேயே அவர்தம் நிலங்கள் விடுவிக்கப்படத் தொடங்கின. கடற்படை வசமிருந்த எஞ்சிய நிலம் 2016இல் மீண்டது. ஊரை விட்டு நடந்தபோது முதலாம் வகுப்பில் இருந்த குழந்தை, நிலம் திரும்பத் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு வயதை அடைந்திருந்தது. தகரக் கூரையின் கீழும், வெளுத்த சீருடையைத் துவைத்து உலர்த்திப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாருக்குப் பாடசாலை மணி வெறும் மணியாகக் கேட்டிராது; நாளை என்று ஒன்று உண்டு என்பதற்கு அதுவே சான்று.

அச்சான்றின் அருமையை அறிந்த ஊரில் விடுமுறையின் இறுதி வாரம் கவனத்துக்குரியது. இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்களும் இலவசம். எனினும் கொப்பி, சப்பாத்து, பை, பேருந்துக் கட்டணம் ஆகியவை குடும்பத்தின் செலவே. நெல் விற்ற பணம் கைக்கு வந்த அன்றே இவற்றுக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவிடுதல் அறிவுடைமை. உறக்க நேரத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே பழைய ஒழுங்குக்குக் கொணர வேண்டும்.

முற்கூறிய வீட்டில் இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கும். பாடசாலை திறக்கும் நாளில் நெல் முற்றாக உலர்ந்திராது. தாய் களத்தில் நிற்பாள். “மூத்தவள் ஒரு கிழமை நிற்கட்டும், பிறகு போகலாம்” என்று எவரேனும் சொல்வர். ஒரு கிழமை இரண்டாகும். அதற்குள் கணிதத்திற் புதிய பாடம் தொடங்கிவிடும். வெட்கத்தால் அவள் கேள்வி கேட்கமாட்டாள். மாதம் முடியுமுன் பள்ளிக்கூடம் தனக்குரியதன்று என்ற எண்ணம் வேரூன்றிவிடும். பெண்பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் இவ்வாறு ஓசையின்றியே நிகழ்கின்றது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் சட்டம் அடுப்படி வரை வந்து பார்ப்பதில்லை. அங்கே பார்க்கவேண்டியவர் வீட்டிலுள்ள பெரியவரே. “நெல்லு இரண்டு நாள் பிந்திக் காஞ்சாலும் அரிசிதான். நீ பள்ளிக்கூடம் போ மகள், தம்பியை நான் பார்க்கிறன்” என்று ஓர் அம்மம்மா சொல்லிவிட்டால், அந்தக் குடும்பத்தின் விடுமுறை நன்கு முடிந்தது எனலாம்.

கோயிலுக்குச் சென்றதும், ஆற்றைக் கண்டதும், நெல்லை அளந்ததும், நிழல் மறைந்த நாளைக் குறித்து வைத்ததும் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் நிலைத்திருக்கும். அவற்றை எடுத்துச் சொல்வதற்கு அது முதல் நாளன்று வகுப்பில் இருந்தால் போதும்.