மரச்சட்டமும் எஃகுச்சட்டமும்

மனித உடலை எலும்புக்கூடு தாங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வீடுகளையும் அவ்வாறே ஒரு சட்டக்கூடு தாங்கி நிற்கிறது. சுவருக்குள் மறைந்துள்ள அக்கூட்டை மரத்தால் அமைப்பதா, எஃகால் அமைப்பதா? வீடு கட்டுவோர் எண்ணித் துணிய வேண்டிய வினா இது.

மரம் எடை குறைந்தது. அறுக்கவும் ஆணி அறையவும் எளியது. மீண்டும் நட்டு வளர்க்கத் தக்கது. வளருங்கால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, அதன் கரியைத் தன்னுள் அடக்கிக்கொள்வது. ஆயினும், ஈரம் தங்கினால் உளுத்துப்போகும், கறையானுக்கும் இரையாகும். புறத்தே வண்ணம் குலையாத சுவரின் உள்ளே, கூடு அரிக்கப்பட்டு வலுவிழந்திருத்தலும் உண்டு.

எஃகைக் கறையான் தின்னாது. ஈரத்தால் அது முறுக்கிக்கொள்வதும் இல்லை. துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசப்பெற்ற மெல்லிய தகட்டை மடித்துச் சட்டமாக்குவர். எனினும், பைன் மரத்தைக் காட்டிலும் எஃகு 300 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆதலின், குளிர்காலத்தில் வீட்டின் வெம்மை அதன் வழியே வெளியேறும். அதனைத் தடுக்க, வெப்பம் எளிதிற் கடத்தாப் பொருளைச் சட்டத்தின் மேல் பொருத்துதல் வேண்டும்.

தீ மூண்டால் எது சிறந்தது? மரம் எரியும். எஃகு எரியாது, ஆனால், ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் வலிமையிற் பாதியை இழந்து வளையும். ஆகவே, இரண்டையும் ஜிப்சம் பலகையால் மூடுவர். ஜிப்சத்தோடு பிணைந்துள்ள நீர் ஆவியாகி முடியும்வரை வெப்பம் சட்டத்தை விரைந்து தாக்காது. அச்சிறு பொழுதே வீட்டிலுள்ளோர் உயிர் தப்ப உதவும்.

குறையே இல்லாத பொருள் எதுவும் இல்லை. பொருளின் குறையை முன்னரே அறிந்து காப்புத் தேடுபவர் கட்டும் வீடே நிலைத்து நிற்கும்.