பதிவிற் கேட்கும் பேச்சு



சிந்தனையாளர்களின் பேச்சையும் ஆன்மீகப் பெரியோரின் உரையையும் நேரிற் கேட்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அக்குறையைத் தீர்க்க வந்தது ஒலிப்பதிவு. ஆனால், பதிவிற் கேட்கும் பேச்சு நமக்கு ஊக்கம் தருகிறதா, அல்லது கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஆறுதல் தந்துவிட்டுப் போய்விடுகிறதா? இன்று இதுபற்றிச் சிறிது சிந்திப்போம்.

1897 சனவரியில் சுவாமி விவேகானந்தர் அநுராதபுரத்திலிருந்து வன்னிக் காட்டுப் பாதை வழியாக யாழ்ப்பாணம் சென்றார். வழியில் வவுனியாவிலும் ஆனையிறவிலும் மக்கள் அவரை வரவேற்றனர். யாழ்ப்பாணத்தில் அவர் வேதாந்தம் பற்றி ஆற்றிய உரையை இன்றும் நூலிற் படிக்கலாம். அந்தப் பயணத்தில் அவரோடு வந்த குட்வின் என்ற ஆங்கிலேயர் அவருடைய பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே, 1898இல், குட்வின் உதகமண்டலத்தில் காலமானார். அவரது உழைப்பு இல்லையேல் அப்பேச்சுகளிற் பல காற்றோடு போயிருக்கும்.

1893இல் சிக்காகோவில் விவேகானந்தர் பேசிய குரல் என்று ஒரு பதிவு இப்போது கைத்தொலைபேசிகளில் உலவுகிறது. அது அவர் குரலன்று. பின்னாளில் வேறொருவர் பேசியது. குரல் கிடைக்காதபோதும் அவருடைய கருத்து எத்தனையோ பேரைச் செயலில் இறக்கியிருக்கிறது.

காந்தியடிகளின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1931இல் இலண்டனில் அவர் கடவுளைப் பற்றிப் பேசியதை இசைத்தட்டிற் பதிந்தார்கள். ஏறத்தாழ ஆறு நிமிடங்கள். தாம் முன்னர் எழுதிய கட்டுரையையே அவர் அமைதியாக வாசித்தார். அதில் மேடை முழக்கம் எதுவும் இல்லை.

ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929இல், தம்மை உலக குருவாக ஏற்றிருந்த அமைப்பைத் தாமே கலைத்தவர். 1986இல் மறையும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய உரைகள் ஏராளமாக ஒலிநாடாவிலும் ஒளிநாடாவிலும் பதிவாகியுள்ளன. சொல்வதை அப்படியே ஏற்கவேண்டாம், உங்களிடமே சோதித்துப் பாருங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. அவர் பதிவைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுபவர் அவரைக் கேட்கவேயில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் வட்டக்கச்சியில் மின்சாரம் இல்லை. மின்கலங்களுக்கும் தடை. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில்தான் வானொலியும் ஒலிப்பேழையும் கேட்டோம். வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுகளும் வேறு பலரின் பேச்சுகளும் எங்கள் முற்றத்துக்கு அப்படித்தான் வந்தன. சுற்றுபவருக்குக் கை உளைந்தால் பேச்சு இழுபட்டு நின்றுவிடும். அந்த இடைவேளையில் ஐயா எங்களைப் பார்த்துக் கேட்பார்: "இப்ப அவர் என்ன சொன்னவர்? சொல்லுங்கோ பாப்பம்." நாங்கள் எங்கள் சொல்லிற் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றவேண்டும். அந்த உழைப்புக்குப் பயந்தே கவனமாகக் கேட்டோம்!

2009 இடப்பெயர்வில் அந்த ஒலிப்பேழைகள் எல்லாம் போய்விட்டன. மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு குப்பையால் நிறைந்திருந்தது. எங்கே தொடங்குவது என்று திகைத்து நின்றோம். ஐயா வாளியைத் தேடினார். "பெரிய வேலையைப் பாத்துக்கொண்டு நிண்டால் பயந்தான் வரும். கிட்டக் கிடக்கிறதைச் செய்யச் சொன்னவரெல்லோ? முதல்ல கிணத்தை இறைப்பம்" என்றார். சொன்னவர் யார், எந்த ஒலிப்பேழை என்பது எங்களில் எவருக்கும் நினைவில்லை. அன்று பின்னேரம் கிணற்றில் ஊற்றுக் கண்டது.

இன்று விரல் நுனியில் ஆயிரம் உரைகள். ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. இடையில் நிறுத்த யாருக்கும் கை உளைவதில்லை. ஆகவே நாமாகத்தான் நிறுத்தவேண்டும். பத்து நிமிடம் கேளுங்கள். கேட்டதை வீட்டில் ஒருவருக்கு உங்கள் சொல்லிற் சொல்லுங்கள். அதில் ஒன்றையாவது நாளைக்குச் செய்து பாருங்கள். பிறகு மிச்சத்தைக் கேட்கலாம்.