நூல் அறுக்கும் எஃகு

ஏர்ஜெட் தறியிலிருந்து கழற்றிய பழைய ரீடு ஒன்று, அதாவது பாவு இழைகளைப் பிரித்து வைக்கும் எஃகுப் பற்களின் சீப்பு, பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களில் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். நடுப்பகுதி இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கும். துணியின் கரை ஓடிய இரு முனைகளில் மட்டும், பல்லின் மேல் விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் ஓரிடத்தில் தட்டி நிற்கும். எஃகில் விழுந்த பள்ளம் அது. அதை வெட்டியது பாவு நூல்.

முனைகளில் மட்டும் ஏன் என்றால், ஊடை நூல் பாவின் மேலும் கீழும் நெளிந்து போவதால் துணி அகலத்தில் கொஞ்சம் சுருங்குகிறது. நடுவில் உள்ள இழைகள் நேராக வந்துவிடும். கரையோர இழைகளோ உள்பக்கம் சாய்ந்து, பல்லின் பக்கவாட்டில் அழுந்தியபடி வரும். துணியை விரித்துப் பிடிக்க டெம்பிள் இருந்தாலும் இந்த இழுப்பு முழுதாகத் தீராது.

உரசல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 800 ஊடை அடிக்கும் தறி நிற்காமல் ஓடினால், 24 மணி நேரத்தில் ரீடு 11,52,000 முறை முன்னே வந்து அடித்துவிட்டுப் பின்னே போகும். ஒரு தடவை போய்வர 14 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 161 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் வரைக்கும் நூலை எஃகோடு உரசிக்கொண்டே போவதற்குச் சமம், அதுவும் தினமும். உரசிய நூல் துணியாகிச் சுருளில் ஏறிவிடும். அடுத்து வருவது புது நூல். அதே பழைய ரீடுதான் அதற்கும் முகம் கொடுக்க வேண்டும்.

அப்படியே என்றாலும் பஞ்சு மெதுவான பொருள்தானே? உண்மையில் கீறுவது பஞ்சு அல்ல, பஞ்சோடு வருகிற சரக்கு. காட்டிலிருந்து வரும் பருத்தியில் மண் தூசி இருக்கிறது. எத்தனை சுத்தம் செய்தாலும் நுண்ணிய மணல் துகள் கொஞ்சம் தங்கிவிடும். விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் மணலின் குவார்ட்ஸ் 1,000ஐத் தாண்டும். பதப்படுத்திய எஃகுத் தகடு அதில் ஏறக்குறைய பாதிதான். பாலியஸ்டரில் மணல் இல்லை, ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. நூலின் கண்ணாடி மினுக்கைக் குறைக்க ஆலையிலேயே அதைக் கலக்கிறார்கள். அரை மங்கல் ரகத்தில் சுமார் 0.3 சதவீதம், முழு மங்கல் ரகத்தில் 2 சதவீதம் வரை. வாங்குபவர் கேட்கும் அந்த அடக்கமான நிறத்துக்கு விலை கொடுப்பது தறியின் உதிரிப் பாகங்கள்.

பள்ளம் விழுந்த பல் அடுத்து நூலைப் பழிவாங்கும். கூரான விளிம்பில் இழை பஞ்சு பஞ்சாகப் பிரியும், அறும், தறி நிற்கும். அறாமல் தப்பினால் துணியின் நீளவாக்கில் கோடு விழும். காடா துணியில் அது கண்ணில் படாமல் போகலாம். சாயம் ஏறிய பிறகு நன்றாகவே தெரியும்.

இதற்குப் பழைய வைத்தியம் கடின குரோம் முலாம். மின்சாரம் பாய்ச்சிய குரோமிக் அமிலத் தொட்டியில் பாகத்தை மூழ்கவைத்தால் 850 முதல் 1,000 விக்கர்ஸ் வரை கடினமான படலம் ஏறும். கனமான உருளைகளுக்கும் நூல் வழிகாட்டிகளுக்கும் இது அருமை. ரீடுக்கு வந்தால் இடம் போதாது. சென்டிமீட்டருக்கு 20 பல் என்றால் பல்லும் இடைவெளியும் சேர்ந்தே அரை மில்லிமீட்டர். இடைவெளி அதில் பாதி, அதாவது 250 மைக்ரான். பல்லின் இரு பக்கமும் 25 மைக்ரான் குரோம் ஏற்றினால் நூல் போகும் வழியில் ஐந்தில் ஒரு பங்கு அடைபட்டுவிடும். போதாததற்கு, மின்சாரம் விளிம்புகளில்தான் கூடுதலாகக் குவியும். விளிம்பில் முலாம் தடிக்கும், துளைக்குள் மெலியும். பாவு நூலைத் தூக்கி இறக்கும் ஹீல்டின் கண்ணுக்குள் நூல் உரசும் இடத்தில்தான் முலாம் வேண்டும். அங்கேதான் அது குறைவாக ஏறும்.

இந்தத் துளைச் சிக்கலுக்கான விடை, வேறு எதையோ தேடப்போன இடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடலும் குழாய்களின் உட்புறத்தில் நிக்கல்-டங்ஸ்டன் முலாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கரைசலில் நடந்த வேண்டாத ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க சோடியம் ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்துப் பார்த்தபோது, செலுத்திய மின்சாரத்துக்கு வர வேண்டியதைவிட அதிகமான உலோகம் படிந்திருந்தது. மின்சாரம் எட்டாத வெளிப்புறத்திலும் படிந்திருந்தது. கூடுதல் நிக்கலைப் படியவைத்தது ரசாயனம். 1946இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1844இலேயே இந்த வினையைக் கவனித்திருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்தது வெறும் தூள். கரைசல் தொடும் இடமெல்லாம் ஒரே தடிமனில் படியும் இந்த நிக்கல்-பாஸ்பரஸ் படலத்தில் வைரத் துகளைக் கலந்து, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களின் பஞ்சு பிரிக்கும் பல் உருளைக்குப் பூசுகிறார்கள். கழிவுப் பஞ்சின் தூசியைத் தாங்க அது வேண்டியிருக்கிறது.

வைரம் கலக்காத நிக்கல் படலம் முழுக் கடினத்தை அடைய 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். ரீடு, ஹீல்டு போன்ற மெல்லிய வில் எஃகுக்கு அந்தச் சூடு ஆகாது, பதம் போய்விடும். பொன்னிறமான டைட்டானியம் நைட்ரைடு பூச்சு 2,000 விக்கர்ஸைத் தாண்டும் என்றாலும், அதை ஏற்றும் வழக்கமான முறைக்கும் இதே சூட்டுப் பிரச்சினை உண்டு.

அதனால்தான் கரிமத்தின் பக்கம் பார்வை போனது. வைரத்தின் பிணைப்பும் கிராபைட்டின் பிணைப்பும் கலந்துகிடக்கும் படலத்தை 1971இல் அய்சன்பெர்க், ஷபோ இருவரும் உருவாக்கினார்கள். டிஎல்சி என்பது தொழிலில் அதன் பெயர். வெற்றிட அறையில் அசெட்டிலீன் போன்ற வாயுவை பிளாஸ்மாவாக்கி, 200 டிகிரிக்கும் குறைவான சூட்டில் படியவைக்கலாம். தடிமன் இரண்டு மூன்று மைக்ரான்தான், எனவே ரீடின் இடைவெளி அப்படியே இருக்கும். கடினம் 1,500 முதல் 3,000 விக்கர்ஸ், மணலைவிட மேல். உராய்வும் குறைவு. குறை என்னவென்றால், படலத்துக்குள்ளேயே இறுக்கம் அதிகம். அடியில் குரோமியமோ சிலிக்கானோ ஓர் ஒட்டுப் படலமாக இல்லாவிட்டால் உரிந்துவிடும். அடியிலுள்ள எஃகு மென்மையாக இருந்தாலும், அது அழுந்தும்போது மேலே பூச்சு வெடிக்கும்.

கடினத்தை மட்டும் பார்த்துப் பூச்சு வாங்குவது அரைகுறைக் கணக்கு என்பேன். கண்ணாடிபோல் மெருகேற்றிய குரோமில்தான் நூல் வழுக்கிப் போகும் என்று நினைப்போம். பாலியஸ்டர் ஃபிலமென்ட் நூலுக்கு நேர்மாறாக நடக்கிறது. வழுவழுப்பான பரப்பில் நூல் முழுதாகப் படிந்து ஒட்டுகிறது. நுண்ணிய மேடு பள்ளங்கள் உள்ள மங்கலான பரப்பில் மேடுகளை மட்டும் தொட்டுச் செல்வதால் உராய்வு குறைகிறது. அந்த மேடுகள் உருண்டு இருக்க வேண்டும், கூராக இருந்தால் இழை கிழியும். விலைப்பட்டியலில் விக்கர்ஸ் எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள். இந்தப் பரப்பின் தன்மையைப் பற்றியும் கேட்டு வாங்குவது நல்லது.

குரோம் தொட்டிக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. முலாமாகப் படிந்த உலோகம் யாரையும் ஒன்றும் செய்யாது. தொட்டிக்குள் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேடு நிலத்தடி நீரை நஞ்சாக்கியது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை. அது முலாம் தொழிலால் வந்ததல்ல, ஆனால் நஞ்சு அதேதான். 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறப்பு அனுமதி இல்லாமல், இந்தத் தொட்டியின் மூலப்பொருளான குரோமியம் டிரை ஆக்சைடைப் பயன்படுத்த முடியாது.

மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்பவர் ரீடு முழுவதற்கும் டிஎல்சி பூச முடியுமா என்றால், அவசியமே இல்லை. தேய்வது முனைகள்தான் என்பதால், அங்கே மட்டும் பூசிய பற்களை வைத்துக் கட்டிய ரீடு கிடைக்கிறது. நாடா ஓடும் சாதாரண விசைத்தறிக்கு அதுவும் வேண்டாம், அதன் வேகத்துக்குப் பூச்சின் செலவு கட்டாது. தட்டையான ரீடில் பள்ளம் நட்டநடுவில் விழாதவரை, அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் நூல் வேறு இடத்தில் படும், காசில்லாமல் இன்னொரு ஆயுள் கிடைக்கும். ஏர்ஜெட்டில் காற்றும் ஊடையும் போகும் குடைவு ரீடின் பற்களிலேயே இருப்பதால் அப்படித் திருப்ப வழியில்லை. பூச்சுக்குக் கொடுக்கும் பணம் அங்கேதான் திரும்பி வருகிறது.