புகையானின் எச்சில்

நெல் வயலுக்கு நடுவே வட்டவட்டமாக, யாரோ நெருப்பு வைத்த மாதிரி பயிர் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? புகையான் வேலை. பூச்சி ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. தூரடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சுவதால்தான் பயிர் சாகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, அது உறிஞ்சுவதைவிடத் துப்புவதுதான் சுவாரஸ்யம் என்று தெரிந்தது.

நெல் சும்மா குத்து வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. ஊசி போன்ற வாய் உள்ளே இறங்கியதும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அதுதான் அபாயமணி. உடனே சாறு ஓடும் குழாய்களில் காலோஸ் என்ற பொருள் படிந்து அடைப்பு விழும். குழாய் அடைபட்டால் பூச்சிக்குப் பட்டினிதான்.

புகையான் இரண்டு விதமாக எச்சில் விடுகிறது. ஒன்று கெட்டியாகி ஊசியைச் சுற்றி உறைபோல நிற்கும். இன்னொன்று தண்ணீர் மாதிரி; விஷயம் அதில்தான். அதிலுள்ள ஒரு புரதம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மணியடிக்கும் வயரையே வெட்டின மாதிரி! இன்னொரு நொதி செல்லுலோஸை உடைத்து ஊசிக்கு வழிபோட்டுத் தருகிறது.

சரி, நெல் என்ன செய்கிறது? காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த பி.பி.ஹெச்-14 என்ற எதிர்ப்பு மரபணுவை சீனாவின் வூஹான் ஆய்வாளர்கள் 2009-ல் பிரித்தெடுத்தார்கள். அது எதைப் பார்த்து விழித்துக்கொள்கிறது என்பது 2023-ல்தான் தெரிந்தது. எச்சிலில் உள்ள ஒரு புரதம். சாதாரண ரகத்தில் அதே புரதம் செடியின் தற்காப்பை அமுக்கிவிடும். இந்த மரபணு உள்ள ரகத்திலோ அதுவே திருடனைக் காட்டிக்கொடுக்கும் கைரேகை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த பகுதி. தற்காப்பு ஓயாமல் ஓடினால் செடி வளராது, மகசூல் போச்சு. அதனால் நெல் தன் செல்லுக்குள் இருக்கும் குப்பை அகற்றும் ஏற்பாட்டை வைத்து அந்த எச்சில் புரதத்தை அழித்துவிடுகிறது. பூச்சி போனதும் மணியும் ஓய்கிறது. ராத்திரி 2 மணிக்கு வரும் அலர்ட் பிரச்சினை தீர்ந்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும் வேலையில் இருப்பவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பூச்சியும் சும்மா இருக்காது. பி.பி.ஹெச்-1 மரபணுவோடு 1973-ல் வந்த ஐ.ஆர். 26 ரகத்தை சில வருஷத்திலேயே புகையான் தாண்டிவிட்டது. ஒரே பூட்டை ஊர் முழுக்கப் போட்டால் கள்ளச்சாவிக்காரனுக்குக் கொண்டாட்டம், இல்லையா? அதனால்தான் இப்போது இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே ரகத்தில் சேர்க்கிறார்கள். நம்ம ஊரில் எட்டடிக்கு ஒருமுறை ஓரடி பட்டம் விட்டு நடுவதும், சிலந்தியைக் கொல்லும் மருந்தைக் கண்டபடி அடிக்காமல் இருப்பதும் இன்னும் தேவைப்படுகின்றன. சிலந்திக்கு எச்சிலைப் பற்றிக் கவலையில்லை. அது முழுப் பூச்சியையே தின்றுவிடும்.