தினமும் கால் மணி நேரம்... ஆங்கிலம் பழகும்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கிறது தாமல். பெரிய ஏரிக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் காஞ்சிபுரத்துக் கல்லூரிகளுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிப்பவர்கள் உண்டு. அப்பா தறியில் இருப்பார். அம்மா வயல் வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போவார். பிள்ளை பாடத்தில் கெட்டிதான். ஆனால், இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பள்ளியில் அத்தனை வருடம் ஆங்கிலம் படித்தும் ஏன் இப்படி? முக்கியமான ஒரு காரணம் உண்டு. ஆங்கிலப் பாடத்தை மனப்பாடம் செய்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்தது மிகவும் குறைவு.

நான்-டீடெய்ல் ஞாபகம் இருக்கிறதா?

பள்ளி ஆங்கிலத்தில் 'நான்-டீடெய்ல்' என்றொரு துணைப்பாடம் உண்டு. வரிக்கு வரி அர்த்தம் பார்க்காமல், கதையாகவே வேகமாக வாசித்துப் போவதற்காக வந்தது அது. அப்படி நிறைய வாசித்தே மொழியைப் பழகுவதை 'எக்ஸ்டென்சிவ் ரீடிங்' என்கிறார்கள்.

இந்த முறைக்கு நம் துணைக்கண்டத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். 1920-களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் அபூர்வமான சொற்களில் இடறி விழுவதைக் கவனித்தார். அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்துக் கதைப் புத்தகங்களைத் தயாரித்தார். 1953-ல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் உலகப் புகழ்பெற்றது.

நம் வகுப்பறைகளிலோ நான்-டீடெய்லும் இன்னொரு தேர்வுக் கேள்வியாகிவிட்டது. கதையைப் படிக்காமல், நோட்ஸில் உள்ள சுருக்கத்தை உருப்போட்டாலே மார்க் கிடைக்கும்!

ஃபிஜி தீவில் நடந்தது

1980-களின் தொடக்கத்தில், ஃபிஜி நாட்டின் கிராமப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளின் வகுப்புகளுக்குத் தலா 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். எட்டே மாதங்களில், வாசித்துப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாக முன்னேறினார்கள். அடுத்த ஆண்டில் எழுத்தும் இலக்கணமும்கூட மேம்பட்டன.

ஐந்து விரல் கணக்கு

யார் உதவியும் இல்லாமல் ஒரு புத்தகத்தை ரசித்து வாசிக்க, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன ஆய்வுகள். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இன்னும் எளிமையானதை எடுங்கள்.

'காலேஜ் படிக்கிறவன் குழந்தைக் கதை வாசிப்பதா?' என்று கூச்சம் வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'வாசிப்பு இயக்கம்' தன் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. ஆங்கிலத்திலும் 'நுழை'யில் தொடங்கினால்தான் 'பற'க்க முடியும்.

எதை, எப்படி வாசிக்கலாம்?

* 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படிநிலை வாரியாக ஆயிரக்கணக்கான கதைகள் இலவசம். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. போனிலேயே வாசிக்கலாம்.

* கொஞ்சம் பழகியதும் ஆர்.கே.நாராயணனின் மால்குடி கதைகள், ரஸ்கின் பாண்ட் கதைகள். ஊரும் மனிதர்களும் நமக்குத் தெரிந்தவை என்பதால் மொழி மிரட்டாது.

* கிரிக்கெட், சினிமா, சமையல் என எது பிடிக்குமோ அதை வாசிக்கலாம். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடலாம்.

* சொல்லுக்குச் சொல் அகராதியைத் தேட வேண்டாம். அதே சொல் நாலைந்து இடங்களில் வரும்போது அர்த்தம் தானாகப் பிடிபடும்.

* நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற நிதான வேகத்தில் தினமும் கால் மணி நேரம் வாசித்தாலே, வருடத்துக்கு ஐந்து லட்சம் சொற்களைத் தாண்டிவிடலாம்.

வாசிப்பு மட்டுமே சரளமாகப் பேசவைத்துவிடாது. பேசிப் பேசித்தான் பேச்சு வரும். ஆனால், பேசுவதற்குச் சொற்களும் வாக்கியங்களும் மனதில் சேர்ந்திருக்க வேண்டுமே! படித்த கதையை நண்பரிடம் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

காஞ்சிபுரத்தில் 1909-ல் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான் அறிஞர் அண்ணா. புத்தகங்களோடே வாழ்ந்த அவர், தமிழைப் போலவே ஆங்கிலத்திலும் மேடைகளைக் கட்டிப்போட்டார். 1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்து கௌரவித்தது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். பிள்ளை கதைப் புத்தகமோ போனில் கதையோ வாசிக்கும்போது 'பாடத்தைப் படி' என்று அதட்டாமல் இருங்கள். மார்க் கேட்பதற்குப் பதிலாக, ராத்திரி சாப்பிடும்போது, 'அந்தக் கதையில அப்புறம் என்னப்பா ஆச்சு?' என்று தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்குச் சொல்வதற்காகவே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.